புகைக்குழாய்ச் சூடும் அலாரமும்

ஒரு டீசல் இன்ஜினின் புகையை மூன்று இடங்களில் அளந்து பார்க்கலாம். சிலிண்டரை விட்டு வெளியே வந்த உடனே அளந்தால், முழு வேகத்தில் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். டர்போ சார்ஜரைத் தாண்டிய பிறகு அளந்தால் அதில் நூறு, நூற்றைம்பது டிகிரி குறைந்திருக்கும். அதே புகையில் கடல்நீரைக் கலந்து ரப்பர் குழாய் வழியாக வெளியே அனுப்பும் படகென்றால், அந்தக் குழாயின் மேல்புறம் 45, 50 டிகிரிதான்; தொட்டுப் பார்க்கலாம். இன்ஜின் ஒன்று, புகை ஒன்று. ஆனால் இந்த மூன்று இடத்துச் சூடும் நமக்குச் சொல்லும் சேதி ஒன்றல்ல.

"எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் அலாரம் ஒன்று போடணும், எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு டீ சொல்லிவிடுவேன். ஏனென்றால் கம்பெனி பெயரில் அந்தக் கேள்வி முடியாது. உங்கள் படகில் புகை தண்ணீரோடு சேர்ந்து பின்புறமாகப் போகிறதா, இல்லை காய்ந்த குழாயாக நிமிர்ந்து மேலே போகிறதா? எந்தக் கோளாறு வந்தால் உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும்? இவை இரண்டுக்கும் பதில் கிடைத்தால் சென்சார் எங்கே உட்கார வேண்டும் என்பது முடிவாகிவிடும். இடம் முடிவானால் எந்த வகை அலாரம் என்பதும் முடிவாகிவிடும். கம்பெனியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் கலக்கும் புகைக்குழாயை முதலில் எடுத்துக்கொள்வோம். உல்லாசப் படகுகள், ஃபைபர் ரோந்துப் படகுகள், பாய்மரப் படகுகளின் துணை இன்ஜின்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். படகின் அடியில் உள்ள வால்வு வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. ஸ்ட்ரெய்னரில் குப்பை வடிகட்டப்பட்டு, ரப்பர் இம்பெல்லர் வைத்த பம்பில் இழுக்கப்பட்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் ஓடி, இன்ஜினின் நன்னீரைக் குளிர வைக்கிறது. அந்த வேலை முடிந்ததும் அதே கடல்நீர் மிக்சிங் எல்போ என்ற வளைவுக்கு வந்து, சுடச்சுட வரும் புகைமேல் பாய்கிறது. அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் ரப்பர் குழாயும், ஃபைபரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த சைலன்சரும்தான். 500 டிகிரிப் புகையை ரப்பருக்குள் அனுப்பும் துணிச்சலே அந்தத் தண்ணீரை நம்பி வந்தது.

தண்ணீர் நின்றால் என்ன ஆகும்? வால்வைத் திறக்க மறந்திருக்கலாம். ஒரு பாலித்தீன் பை வந்து வாயை அடைத்திருக்கலாம். சொறி மீன் கூட்டம் ஸ்ட்ரெய்னரை நிரப்பியிருக்கலாம். பம்பின் பெல்ட் அறுந்திருக்கலாம். எப்படி நின்றாலும், முதலில் அடிவாங்குவது எல்போவை ஒட்டிய முதல் ஒரு முழம் ரப்பர்தான். அடுத்தது சைலன்சர். உருகிப் பொத்தல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த புகை படகுக்குள் நிறையும். புகை வெளியேறும் துளை நீர்மட்டத்தை ஒட்டி இருந்தால் அதே பொத்தல் வழியாகக் கடலும் உள்ளே வரும். இன்ஜின் பழுதானால் கயிறு கட்டி இழுத்து வரலாம். ஓட்டை விழுந்த புகைக்குழாயோடு நிற்கும் படகின் கதை வேறு.

இங்கேதான் பலரும் கேட்பார்கள்: "டேஷ்போர்டில் வாட்டர் டெம்பரேச்சர் முள் இருக்கிறதே, அது போதாதா?" போதாது. அந்த முள் காட்டுவது இன்ஜின் பிளாக்குக்குள் சுற்றும் நன்னீரின் சூட்டை. பத்து, இருபது லிட்டர் தண்ணீரும் நூற்றுக்கணக்கான கிலோ இரும்பும் சூடேற வேண்டும். பெரிய அண்டாவை அடுப்பில் வைத்தால் தண்ணீர் கொதிக்கப் பிடிக்கும் நேரம் மாதிரி அதற்கும் நேரம் பிடிக்கும். வழக்கமான 80, 85 டிகிரியிலிருந்து அபாயக் கோட்டைத் தொடுவதற்குள் சில நிமிடங்கள் போய்விடும். ரப்பர் குழாய்க்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. கப்பல் புகைக்குழாய்க்கான எஸ்ஏஇ ஜே2006 என்ற தரம், தண்ணீர் அறவே நின்றாலும் முழு வேகத்தில் இரண்டு நிமிடம் தாங்க வேண்டும் என்கிறது. அதுவும் புதுக் குழாயின் கணக்கு. அலாரம் அடித்து, நீங்கள் திரும்பிப் பார்த்து, ஆக்சிலேட்டரைக் குறைப்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்குள் நடந்தாக வேண்டும்.

கடல்நீர் பம்பைத் திறந்து ஒருமுறை அந்த இம்பெல்லரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு பித்தளை புஷ், அதைச் சுற்றி ஆறோ, எட்டோ, பத்தோ ரப்பர் இதழ்கள். பம்பின் உள்சுவரில் ஒரு பக்கம் மேடு வைத்திருப்பார்கள். இதழ் அந்த மேட்டில் மடங்கி, தாண்டியதும் நிமிர்ந்து, அந்த மடங்கி நிமிரும் ஆட்டத்திலேயே தண்ணீரை இழுத்துத் தள்ளுகிறது. இதழுக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய் கிடையாது. ஓடுகிற கடல்நீர்தான் அதற்கு எண்ணெய். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இதழின் நுனி தேய்ந்து கருகத் தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாகப் பிய்ந்துகொண்டு போகும். அதனால்தான் ஸ்ட்ரெய்னர் அடைப்பை எடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடிவதில்லை. அடைத்திருந்த அந்தச் சில நிமிடங்களில் இம்பெல்லரும் போயிருக்கலாம்.

இப்போது அலாரத்துக்கு வருவோம். ரப்பர் குழாய்க்கான அலாரம் எளிமையான பொருள். குழாயைச் சுற்றிக் கட்டும் ஒரு பட்டை. அதில் ஒரு சிறிய சென்சார். அங்கிருந்து ஓட்டும் இடத்துக்கு ஒயர். அங்கே ஒரு பஸ்ஸர். பல தயாரிப்புகளில் சென்சார் என்பது குறிப்பிட்ட சூட்டில் டக்கென்று புரளும் ஒரு உலோகத் தகடுதான். 74 டிகிரி, அதாவது 165 ஃபாரன்ஹீட், இந்த வகையில் பரவலாக வைக்கப்படும் அளவு. வேறு சிலவற்றில் தெர்மிஸ்டர் வைத்து, அளவை நாமே மாற்றிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள்.

பட்டையைக் கட்டும் இடம் முக்கியம். எல்போவில் தண்ணீர் கலக்கும் இடத்தைத் தாண்டி, ரப்பர் தொடங்கி நாலைந்து விரல்கடை தள்ளி, குழாயின் மேல்புறத்தில் சென்சார் பதிய வேண்டும். ஏன் மேல்புறம்? தண்ணீர் ஒரேயடியாக நிற்பது ஒரு வகை. அரைகுறையாகக் குறைவது இன்னொரு வகை, அதுதான் அடிக்கடி நடப்பது. குறைந்த தண்ணீர் குழாயின் அடியிலேயே ஓடும். மேல்பாதி காய்ந்து வெந்துகொண்டிருக்கும். சென்சாரை அடியில் கட்டியவர், "சூடே இல்லையே" என்று நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார். எளிதாகக் கை போகிற இடம் என்று சைலன்சருக்குப் பக்கத்தில் கட்டுகிறவர்களும் உண்டு. அங்கே சூடு வந்து சேரும்போது முன்னால் உள்ள குழாய் வெந்து முடிந்திருக்கும்.

ரப்பர் சூட்டைச் சட்டென்று கடத்தாது என்பதால், வெளியே கட்டிய சென்சாருக்குச் சிறிது தாமதம் உண்டு. அதைத் தவிர்க்கக் குழாயில் துளை போட்டு உள்ளே நுழைக்கும் சென்சாரும், எல்போவின் உலோகத்திலேயே திருகி வைக்கும் சென்சாரும் கிடைக்கின்றன. உலோகத்தில் வைப்பது வேகமானது. ஆனால் எல்போ ஒவ்வொன்றிலும் வழக்கமான சூடு வேறாக இருக்கும், அதனால் அளவை ஓட்டிப் பார்த்துத்தான் வைக்க முடியும். துளை போடும் வகை எனக்குப் பிடிக்காது. நல்ல குழாயில் நாமாக ஒரு கசிவு வாயை ஏற்படுத்துவானேன்? பட்டையை இறுக்கமாக, சென்சார் முழுக்கப் பதியும்படி கட்டினால் பெரும்பாலான படகுகளுக்கு அதுவே போதும்.

அளவை நாமே வைக்கும் வகை என்றால், எழுதி வந்த எண்ணை அப்படியே வைக்கக் கூடாது. ஐரோப்பாவின் குளிர்ந்த கடலில் 12, 15 டிகிரித் தண்ணீரை மனத்தில் வைத்துச் சொன்ன எண், 29, 30 டிகிரி வரை ஏறும் மன்னார் வளைகுடாவுக்கு அப்படியே பொருந்தாது. வெயில் காலத்தில், முழுப் பாரத்தோடு அரைமணி நேரம் ஓட்டி, குழாயின் மேல்புறச் சூடு எங்கே போய் நிலைக்கிறது என்று பாருங்கள். 52 என்று நின்றால், அதற்குமேல் 12, 15 டிகிரி சேர்த்து வைக்கலாம். அதற்கும் நெருக்கி வைத்தால் காரணமில்லாமல் அடிக்கும். ரொம்பத் தள்ளி வைத்தால் நேரம் போய்விடும்.

ஒரு வேடிக்கையான விஷயம், புதிதாகப் போட்டவர்களைப் பயமுறுத்தும். ஓட்டி முடித்து இன்ஜினை நிறுத்திய பிறகு குழாயின் சூடு குறைவதற்குப் பதிலாக ஏறும். தண்ணீர் ஓட்டம் நின்றுவிட்டது, ஆனால் எல்போவின் இரும்பு இன்னும் சுடுகிறது. அந்தச் சூடு மெல்ல ரப்பருக்கு இறங்குகிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் அலாரம் அலறும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். அப்படி அடங்கினால் பயமில்லை. அடங்காவிட்டால் பின்புறம் போய்த் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சூட்டை அளப்பதற்குப் பதில் தண்ணீரின் ஓட்டத்தையே நேராக அளக்கலாமே என்று கேட்கலாம். அதற்கும் கருவி உண்டு: பம்புக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கும் நடுவே ஓட்டத்தையோ அழுத்தத்தையோ பார்க்கும் சென்சார். சூடு ஏறுவதற்கும் முன்னால் சேதி சொல்லும் என்பது அதன் பெருமை. ஆனால் சுற்றுகிற சக்கரம் வைத்ததென்றால், அது கடல்நீரில் பாசியும் கொட்டலசும் பிடித்து மாட்டிக்கொள்ளும். இரண்டையும் வைக்க வசதி இருந்தால் வையுங்கள். ஒன்றுதான் என்றால் என் வாக்கு குழாய்ப் பட்டைக்குத்தான். அசையும் உறுப்பு இல்லாத கருவி கடலில் நீண்ட நாள் உழைக்கும்.

இந்தப் பட்டைக்கும் ஒரு எல்லை உண்டு. நன்னீர் பக்கத்தில் கோளாறு வந்தால், நன்னீர் ஒழுகிப் போனாலோ, நன்னீர் பம்ப் நின்றாலோ, அது வாயைத் திறக்காது. கடல்நீர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். குழாய் குளிர்ந்தே இருக்கும். ஒழுகித் தீர்ந்த இன்ஜினில் டெம்பரேச்சர் சென்சாரும் தண்ணீரில் முங்காமல் காற்றில் தொங்கினால், முள்ளும் பொய் சொல்லும். அதற்கு நன்னீர்த் தொட்டியில் மட்டம் குறைந்தால் அடிக்கும் தனி அலாரம் வேண்டும்.

இனி காய்ந்த புகைக்குழாய். நம் விசைப்படகுகள் பலவற்றில் புகைக்குழாய் வீல்ஹவுஸை ஒட்டி நிமிர்ந்து மேலே போகும். ரப்பர் கிடையாது, எனவே உருகும் பயம் கிடையாது. இங்கே சூட்டை அளக்கும் காரணமே வேறு. இங்கே இன்ஜின் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதைச் சூடு சொல்கிறது. என்னைக் கேட்டால், இழுவலை இழுக்கும் படகுக்கு இதைவிடப் பயனுள்ள கேஜ் வேறு இல்லை.

காரணத்தைப் பொறுமையாகப் பார்ப்போம். டீசல் இன்ஜினில் காற்று வரும் வழியை யாரும் மூடித் திறப்பதில்லை. காற்று தன் போக்கில் வருகிறது. கூட்டிக் குறைப்பதெல்லாம் டீசலைத்தான். அதே காற்றில் டீசல் கூடினால் புகையின் சூடு கூடும். டீசல் அதேதான், ஏர் ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்தாலும் சூடு கூடும். இப்போது கவர்னரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் 1,500 சுற்றில் வைத்திருக்கிறார். படகின் அடியில் கொட்டலசு அப்பியிருக்கிறது, அல்லது வலை சேற்றைக் கவ்வியிருக்கிறது, அல்லது முதலாளி ஆசைப்பட்டுப் பெரிய புரொப்பல்லர் மாட்டியிருக்கிறார். பாரம் ஏறுகிறது. சுற்று குறையாமல் இருக்கக் கவர்னர் டீசலைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஆர்பிஎம் முள் அசையவில்லை. தண்ணீர்ச் சூடும் தெர்மோஸ்டாட்டின் தயவில் அசையவில்லை. ஆயில் பிரஷர் சரியாகவே இருக்கிறது. சிலிண்டருக்குள் மட்டும் எக்ஸாஸ்ட் வால்வும், பிஸ்டன் தலையும், டர்போவின் டர்பைன் இதழ்களும் வெந்துகொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் மாறிக்கொண்டிருப்பதாக டிரைவரின் கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒரே எண் புகையின் சூடுதான்.

இதை அளப்பது பைரோமீட்டர். அதன் முனையில் இருப்பது தெர்மோகப்பிள்: இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சுட்டால் மறுமுனைகளுக்கு நடுவே மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். 1821-இல் சீபெக் கண்ட விளைவு இது. புகைக்குழாய்க்குப் பொதுவாக கே வகையைப் போடுகிறார்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். 500 டிகிரிக்கு ஏறக்குறைய 20 மில்லிவோல்ட். இவ்வளவு மெல்லிய சேதி என்பதால் ஒயரிங்கில்தான் பெரும்பாலான தப்பு நடக்கிறது.

தெர்மோகப்பிளிலிருந்து மீட்டர் வரை போகும் ஒயரும் அதே கே வகைக் கம்பியாக இருக்க வேண்டும். ஒயர் எட்டவில்லை என்று எலக்ட்ரீஷியன் நடுவில் சாதாரணச் செப்புக் கம்பியை ஒட்டுப்போட்டால், இன்ஜின் பக்க இணைப்புக்கும் மீட்டருக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் அப்படியே கணக்கிலிருந்து காணாமல் போகும். இணைப்பு 70 டிகிரியில், மீட்டர் 35 டிகிரியில் இருந்தால் மீட்டர் 35 டிகிரி குறைத்துக் காட்டும். கே வகை ஒயரையே போட்டு, இரண்டு முனையிலும் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் பிழை இரட்டிப்பாகி 70 டிகிரி. சூடு ஏறினால் முள் ஏறத்தான் செய்யும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அலாரம் 70 டிகிரி தாமதமாக அடிக்கும். இந்தக் குழப்பத்துக்கு வழி செய்வது நிறம். அமெரிக்க முறையில் கே வகைக்கு மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைப் பார்த்தாலே பிளஸ் என்று பழகிய கை அதைத் திருப்பித்தான் மாட்டும். ஐரோப்பிய முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். வாங்கிய பொருள் எந்த முறை என்று தாளில் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

தெர்மோகப்பிளை டர்போவுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? முன்னால் வைத்தால் சிலிண்டர் படும் பாட்டை நேராகப் பார்க்கலாம். ஆனால் முனை அதிர்வில் ஒடிந்தால் அந்தத் துண்டு நேரே டர்பைன் இதழ்களுக்குள் போகும். பின்னால் வைத்தால் அந்தப் பயம் இல்லை, சேதி மட்டும் கொஞ்சம் மங்கலாக வரும். பாரத்தைப் பொறுத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் மாறுவதால், ஓர் இடத்து எண்ணை இன்னோர் இடத்துக்கு மாற்றிக் கணக்குப் போட முடியாது. இன்ஜின் கம்பெனி தன் புத்தகத்தில் எந்த இடத்துச் சூட்டுக்கு எல்லை சொல்லியிருக்கிறதோ, அங்கேயே வைப்பதுதான் ஒழுங்கு. தெர்மோகப்பிளின் உறை 3 மில்லிமீட்டர் விட்டத்தில் மெல்லியதாக இருந்தால் சட்டென்று சேதி சொல்லும். 6 மில்லிமீட்டர் என்றால் மெதுவாகச் சொல்லும், நீண்ட நாள் உழைக்கும். மீன்பிடிப் படகுக்கு நான் தடித்ததைத்தான் சொல்வேன். முனை குழாயின் சுவரை ஒட்டி நிற்காமல், புகை ஓடும் நடுப்பகுதி வரை போக வேண்டும். துளை போடும்போது குழாயைக் கழற்றி வெளியே வைத்துப் போடுங்கள். இரும்புத்தூள் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் டர்போவுக்கு ஆபத்து.

வேலை முடிந்ததும் லேகிங்கை, அதாவது புகைக்குழாயைப் போர்த்தியிருக்கும் வெப்பக்காப்புத் துணியை, திரும்பச் சுற்றுவதில்தான் அவசரப்படுகிறார்கள். தெர்மோகப்பிளைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு இரும்பு வெறுமனே தெரிய விட்டுவிடுவார்கள். எரிபொருள் தெறித்துவிழக்கூடிய இடத்தில் 220 டிகிரிக்கு மேல் சூடேறும் எந்தப் பரப்பையும் மூடி வைக்க வேண்டும் என்று பெரிய கப்பல்களுக்கு சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் விதி இருக்கிறது. சிறு படகை அந்த விதி கட்டுப்படுத்தாவிட்டாலும், டீசல் குழாய் வெடித்துப் பீச்சினால் படகின் அளவைப் பார்த்துத் தீப்பிடிப்பதில்லை. பழைய லேகிங் துணி எண்ணெயில் ஊறியிருந்தால் அதையே திரும்பச் சுற்றாதீர்கள், புதிது போடுங்கள்.

பைரோமீட்டருக்கும் அளவு வைக்கும் முறை அதேதான்: சுத்தமான அடிப்பாகம், சரியான புரொப்பல்லர், புது ஏர் ஃபில்டர் என்ற நிலையில் முழுப் பாரத்தில் ஓட்டி, நிலையாக நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கம்பெனி சொன்ன எல்லைக்குள் இருந்தால், அதற்கு மேல் 30, 40 டிகிரியில், எல்லையைத் தாண்டாமல் அலாரத்தை வைக்கலாம். வலை இழுக்கத் தொடங்கும்போது சில நொடிகள் சூடு எகிறும். அதற்காக ஐந்து, பத்து நொடி தாமதம் வைக்கும் வசதி இருக்கிற கருவியாகப் பார்த்து வாங்குங்கள். முழுப் பாரத்தில் முதல் நாளே எல்லையைத் தாண்டுகிறது என்றால் அலாரத்தை உயர்த்தி வைத்துச் சமாளிக்கக் கூடாது. புரொப்பல்லரைப் பார்க்க வேண்டும்.

பெரிய கப்பல்களில் இதே யோசனை இன்னும் நுட்பமாகப் போகும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனித் தெர்மோகப்பிள். மொத்தச் சூடு எல்லையைத் தாண்டினால் அலாரம் என்பது ஒருபுறம்; எல்லாச் சிலிண்டர்களின் சராசரியிலிருந்து ஏதாவது ஒன்று விலகினால் அலாரம் என்பது மறுபுறம். பெரிய டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களில் 50 டிகிரி விலகல் என்பது பழக்கமான அளவு. மற்றதெல்லாம் 360-இல் இருக்க ஒன்று மட்டும் 425 காட்டினால், 430 என்ற பொது எல்லையை அது தொடவில்லைதான். ஆனாலும் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகுகிறது, அல்லது எக்ஸாஸ்ட் வால்வு எரிகிறது, அல்லது பிஸ்டனுக்கு அடியில் உள்ள காற்றறையில் எண்ணெய்க் கசடு தீப்பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் சராசரியைவிடக் குளிர்ந்து போனாலும் கவலைப்பட வேண்டும்; அந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை. நான்கு, ஆறு சிலிண்டர் படகு இன்ஜினுக்கு இத்தனை சென்சார் வேண்டாம். துறைமுகத்தில் இருக்கும்போது அகச்சிவப்பு வெப்பமானியை ஒவ்வொரு சிலிண்டரின் புகைவாயிலும் காட்டி எண்களை ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாக வைத்தபின், சத்தம் யார் காதில் விழும் என்று பாருங்கள். விசைப்படகின் வீல்ஹவுஸ் இன்ஜின் ரூமுக்கு மேலேயே இருக்கும். வயர்லெஸ் பேசிக்கொண்டிருக்கும், பாட்டு ஓடும், பின்னால் வின்ச் அலறும். கடையில் கேட்கும்போது காதைத் துளைத்த பஸ்ஸர் அங்கே கொசு ரீங்காரம் ஆகிவிடும். இன்ஜின் முழு வேகத்தில் ஓட, நீங்கள் வலைப் பக்கம் நின்று கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கூடவே ஒரு சிவப்பு விளக்கும் வேண்டும். சத்தத்தை மட்டும் நிறுத்தும் பொத்தான் இருக்கலாம். விளக்கு மட்டும் சூடு இறங்கும்வரை அணையக் கூடாது.

ஒயர் அறுந்தால் அலாரம் என்ன செய்யும் என்று கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். சில சென்சார்கள் சூடேறும்போது இணைப்பைச் சேர்க்கும். அவற்றில் ஒயர் எலி கடித்தோ துரு அரித்தோ அறுந்தால் யாருக்கும் தெரியாது. வேண்டிய நாளில் அலாரம் ஊமையாக நிற்கும். வேறு சிலவற்றில் இணைப்பு எப்போதும் சேர்ந்தே இருந்து, சூடேறினால் பிரியும். அதில் ஒயர் அறுந்தாலும் அலாரம் அடிக்கும். இந்த இரண்டாவது வகை கொஞ்சம் தொந்தரவு கொடுக்கும், ஆனாலும் அதைத்தான் வாங்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் தானே ஒருமுறை ஒலித்துக் காட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. எர்த்துக்கு இன்ஜின் பிளாக்கையே பயன்படுத்தும் ஒற்றை ஒயர் சென்சாரைவிட இரண்டு ஒயர் சென்சார் மேல். உப்புக் காற்றில் பிளாக்கின் எர்த் இணைப்புதான் முதலில் துருப்பிடிக்கும். படகின் பேட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் சொல்லி வாங்குங்கள்.

காரணமில்லாமல் அடிக்கும் அலாரத்தின் கதி எல்லாப் படகிலும் ஒன்றுதான்: மூன்றாவது நாள் யாரோ ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. இரவு முழுக்க விழித்து வேலை செய்கிறவர்களிடம் பொய்ச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமும் இல்லை. அளவை நிதானமாக ஓட்டிப் பார்த்து வையுங்கள் என்று இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்கெல்லாம் பொருத்தமான நேரம். இன்ஜின் வேலை எப்படியும் நடக்கும். பழைய சென்சாரைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பட்டையைக் கழற்றி, சென்சார் முனையை மெல்லிய பாலித்தீனில் சுற்றி, டீக்கு வைத்த வெந்நீர் ஒரு குவளையில் எடுத்து, தெர்மாமீட்டரோடு சேர்த்து முக்குங்கள். 74-இல் அடிக்க வேண்டியது 70-க்கும் 80-க்கும் நடுவே அடித்தால் சரி. கொதிநீரிலும் அடிக்கவில்லை என்றால் முதலில் ஒயரைப் பாருங்கள், பிறகு சென்சாரை மாற்றுங்கள். தெர்மோகப்பிளுக்கு இந்த வெந்நீர்ச் சோதனை போதாதுதான். ஆனாலும் கொதிநீரில் 100 காட்டாமல் 60 காட்டினால் ஒயரிங் தப்பு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கடலில் அலாரம் அடித்தால் என்ன செய்வது? பைரோமீட்டர் என்றால் ஆக்சிலேட்டரைக் குறையுங்கள், சூடு இறங்கட்டும், பிறகு பாரம் ஏன் ஏறியது என்று பாருங்கள். டர்போ உள்ள இன்ஜினைச் சுடச்சுட நிறுத்தாதீர்கள். குழாய் அலாரம் என்றால் உடனே ஐடிலுக்குக் கொண்டுவந்து, ஒருவரைப் பின்புறம் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வரவில்லையென்றால், படகு பாறையையோ கரையையோ நோக்கி அடித்துப் போகும் நிலையில் இல்லாதவரை, நிறுத்திவிடுங்கள். வால்வு, ஸ்ட்ரெய்னர், பெல்ட், இம்பெல்லர் என்று கடலிலிருந்து உள்ளே வரும் வரிசையில் தேடுங்கள். இம்பெல்லரில் இதழ் குறைந்திருந்தால், குறைந்த துண்டுகள் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்துக் கிடக்கும்; அத்தனையும் எடுத்து, எண்ணி, பழைய இம்பெல்லரோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் தேடல் முடியவில்லை. கடைசியாக அந்த ரப்பர் குழாய். மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு முனையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்தோல் கருகி உரிந்து தொங்கினால் அந்த உரிசலே ஒருநாள் புகை போகும் வழியை அடைக்கும், இன்ஜின் மூச்சுத் திணறும். அந்தக் குழாயை மாற்றிவிட்டுத்தான் அடுத்த பயணம் கிளம்ப வேண்டும்.